கண்டுபிடிக்க ஒன்று, உறுதிசெய்ய ஒன்று: சுங்கை பூலோவுக்கு நாங்கள் வாங்கிய கண்ணாடிகள்

எங்கள் குழுவில் ஐந்து பேர். நான், என் அத்தான், அவருடைய பத்து வயது மகள், எங்கள் புளோக்கில் எட்டாவது மாடியில் இருக்கும் பெரியம்மா, வேதாரண்யத்திலிருந்து வந்து இங்கே சிங்கப்பூரில் பொறியாளராக வேலை பார்க்கும் ஒரு தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பறவை பார்க்கப் போவோம். அவ்வளவு நாளும் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பழைய 10×25 பைனாகுலர்தான் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்). அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்ப்பதற்குள் பறவை பறந்துவிடும். மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்ததில் 2,400 வெள்ளி தேறியது. அதை வைத்து நல்ல பைனாகுலர் வாங்குவதா, முக்காலியில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்குவதா என்று முடிவெடுக்க நான்கு மாதம் ஆனது. இடையில் ஒரு தவறும் செய்தோம். அந்த நான்கு மாதத்தையும் அதற்கு அடுத்த வலசைப் பருவத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே கேள்வியோடு கடைக்குப் போகிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

பேச்சு வேட்டையில் தொடங்கியது

சிங்கப்பூரில் வேட்டை கிடையாது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் வனவிலங்குச் சட்டம் என்று பெயர் மாறி இன்னும் கடுமையாகிவிட்டது. அனுமதியில்லாமல் ஒரு காட்டுப் பறவையைப் பிடிப்பதே குற்றம். ஆனால் பைனாகுலரா ஸ்கோப்பா என்று தேடினால் கிடைக்கிற ஆலோசனையில் பெரும்பகுதி வேட்டைக்காரர்கள் எழுதியது. எங்களுக்கு அது வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அத்தானின் மூத்த மகன் நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச்சில் வேலை பார்க்கிறான். உடன் வேலை செய்கிறவர்களோடு தென் தீவு மலைகளுக்குத் தார் ஆடு வேட்டைக்குப் போய்வருவான்.

தார் அந்த ஊர் விலங்கு இல்லை. நம் நீலகிரி வரையாட்டை நினைவுபடுத்தும் இமயமலை ஆடு அது. 1904இல் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். மான், ஷாமுவா எனும் மலையாடு எல்லாமே அப்படி வெளியிலிருந்து வந்தவைதான். அந்த மண்ணுக்கே உரிய தரைப் பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். அதனால் அங்கே வேட்டை என்பது மலைச் செடிகொடிகளைக் காப்பதோடும் சேர்ந்த விஷயம்.

அவன் அனுப்பிய குரல் செய்தியில் ஒன்றை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "சித்தி, பைனாகுலர் நாள் முழுக்க நெஞ்சிலேயே கிடக்கும். ஸ்கோப்பை ரெண்டு தடவைதான் பையிலேர்ந்து எடுப்பேன். ஆனா அந்த ரெண்டு தடவையிலதான் மூணு மணி நேரம் ஏறலாமா வேணாமான்னு முடிவாகும்."

அவன் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எதிர்மலைச் சரிவு ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். விடியற்காலையில் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, 10×42 பைனாகுலரால் சரிவைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தேடுவான். அசைவு ஒன்று தெரிந்த பிறகுதான் ஸ்கோப் வெளியே வரும். கிடாவா பெட்டையா, பிடரி மயிர் எவ்வளவு அடர்த்தி, கொம்பில் ஆண்டு வளையம் எத்தனை என்று பார்க்க அது வேண்டும். அதே ஆள் அடர்ந்த காட்டுக்குள் மான் தேடிப் போகிற நாளில் ஸ்கோப்பை வீட்டிலேயே வைத்துவிடுவான். முப்பது அடியில் ஒரு காது அசைவதைப் பார்க்க முக்காலி எதற்கு?

இன்னொன்றும் சொன்னான். துப்பாக்கியில் மாட்டியிருக்கும் ஸ்கோப்பால் எதையும் தேடிப் பார்க்கவே கூடாது. பார்க்கிற இடத்தை நோக்கிக் குழலும் திரும்பும், அங்கே நிற்பது ஒரு மனிதராக இருக்கலாம். இலக்கு எது என்பதில் துளி ஐயமும் இருக்கக் கூடாது என்பது அந்த நாட்டுத் துப்பாக்கிப் பாதுகாப்பு விதி ஏழில் ஒன்று. இதைக் கேட்ட பிறகு பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாம எழுதிவைக்கிற பறவைப் பேருக்கும் அதே விதிதான்மா" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். எங்கள் முடிவு கடைசியில் அதில்தான் வந்து நின்றது.

இரண்டு பத்தி நோட்டு

வேதாரண்யத்துத் தம்பிக்கு முதல் நாளிலிருந்தே ஸ்கோப் பக்கம்தான் சாய்வு. கோடியக்கரை உப்பளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். பூநாரைக் கூட்டம் வெயிலில் ஒரு வெளிறிய கோடாகத் தெரிகிற தூரத்தில் நிற்கும். பைனாகுலரால் எண்ணக்கூட முடியாது, பெரிய ஸ்கோப் இல்லாமல் அங்கே வேலை நடக்காது என்பான். அத்தானுக்கு அறுபத்தொரு வயது. கழுத்தில் தொங்கவிட்டு நடக்கிறதுதான் கருவி, மற்றதெல்லாம் சுமை என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் தாங்கள் பார்த்த நிலத்தை வைத்துத்தான் பேசினார்கள். நாங்கள் ஞாயிறுதோறும் பார்க்கிற நிலத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை.

அதனால் ஒரு நோட்டுப் போட்டோம். ஒவ்வொரு நடையிலும் எங்களுக்குக் கைநழுவிய பறவைகளை மட்டும் எழுதுவது. இடது பத்தியில் 'கிடைக்கவில்லை': குரல் கேட்டது, இலை அசைந்தது, ஆனால் கண்ணாடிக்குள் கொண்டுவர முடியவில்லை. வலது பத்தியில் 'உறுதியில்லை': பறவை கண்ணெதிரே நிற்கிறது, ஆனால் எது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. இந்த நோட்டை எழுதும் பொறுப்பைப் பெரியம்மா எடுத்துக்கொண்டார்.

மெக்ரிட்சி, டெய்ரி ஃபார்ம் காடுகளின் பக்கம் போன நாட்களில் இடது பத்திதான் நிறைந்தது. துடுப்புவால் கரிச்சான் பதினைந்து மீட்டரில் கத்துகிறது, ஆனால் எந்தக் கிளை என்று கண்ணாடிக்குள் பிடிபடவில்லை. பழைய 10×25இன் பார்வைப் பரப்பு குறுகலானது. அதோடு மரக்கூரைக்குக் கீழே அது இருட்டாகவும் இருந்தது. முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 25ஐ 10ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீட்டர். நல்ல வெயிலில் நம் கண்மணியே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத்தான் திறந்திருக்கும், அதனால் வெளியில் குறை தெரியாது. காட்டு நிழலில் கண்மணி விரிகிறது, கண்ணாடியிலிருந்து வரும் ஒளி அதை நிரப்பவில்லை. பறவை வெறும் நிழலாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். அதுவரை எங்கள் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்திருந்தோம்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்துக்குப் போனோம். வலசை போகும் தேன்பருந்துகள் தெற்கு மலைத் தொடருக்கு மேலே வட்டமிட்டுக் கடக்கிற காலம் அது. வானத்தில் நகர்கிற ஒன்றைப் பின்தொடர ஸ்கோப்பால் ஆகாது. அங்கேயும் இடது பத்திதான்.

சுங்கை பூலோவில் கதை தலைகீழ். இடது பத்தி காலி, வலது பத்தி ஒரு முழுப் பக்கத்துக்கு ஓடியது. அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தூரத்தை அங்கே கடல்தான் முடிவு செய்கிறது. அது முன்பு இறால் பண்ணைகள் இருந்த நிலம். 1986இல் பறவை ஆர்வலர்கள் அதன் அருமையைக் கண்டு, காக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். 1993இல் பூங்காவாகத் திறந்தது, 2002இல் சட்டப்படி இயற்கைக் காப்பகமானது. பழைய இறால் குளங்களும் மதகுகளும் இன்றும் இருக்கின்றன. வற்று நேரத்தில் கரைப்பறவைகள் ஜொகூர் நீரிணையோரச் சேற்றில் இரை தேடப் போய்விடும். ஏற்றம் வந்து சேறு முழுகியதும் உள்ளே குளங்களுக்குத் திரும்பி, மறைவிடக் குடிலுக்கு எதிரே கூட்டமாக நிற்கும். அப்போதுகூட நெருங்கியது ஐம்பது அறுபது மீட்டர் இருக்கும், தள்ளியிருப்பது இருநூறைத் தாண்டும்.

அந்தத் தூரத்தில் பவளக்காலி தெரியும், பச்சைக்காலி தெரியும். பச்சைக்காலிக்குப் பக்கத்தில் சற்றே சிறியதாக, ஊசி மூக்கோடு நிற்பது சதுப்பு உள்ளானா, இளம் பச்சைக்காலியா? சேற்று நிறத்தில் உருண்டையாக நிற்கும் மணல் உப்புக்கொத்திகளில் எது பெரிய இனம், எது சிறிய இனம்? மூக்கின் நீளத்தையும் காலின் நிறத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். பைனாகுலரில் அவை வெறும் உருண்டைகள். அதைவிட முக்கியமானது கால் கொடி. வலசைப் பறவைகளின் காலில் நாட்டுக்கு நாடு வேறு நிறத்தில் சின்ன பிளாஸ்டிக் கொடி மாட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் மாட்டியது ஆரஞ்சு, வடமேற்கு ஆஸ்திரேலியாவில் மஞ்சள், நியூசிலாந்தில் வெள்ளை. இங்கே மாட்டுவதில் பச்சையும் வெள்ளையும் சேர்ந்து வரும். பல கொடிகளில் எழுத்தும் பொறித்திருப்பார்கள். நிறத்தைச் சொன்னாலே பறவை எந்த வட்டாரத்தில் பிடிபட்டது என்று தெரியும். எழுத்தைப் படித்துவிட்டால் அது எந்தப் பறவை என்றே தெரிந்துவிடும். எங்கள் நோட்டில் 'கொடி இருக்கிறது, எழுத்து தெரியவில்லை' என்று பெரியம்மா எழுதிய வரிகள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தன.

அவசரத்தில் வாங்கியது

வலது பத்தி நிறைந்த வேகத்தில் நான் ஒரு வேலை செய்தேன். கைமாறிய ஸ்கோப் ஒன்று 280 வெள்ளிக்குக் கிடைத்தது. 20-60×60 என்று எழுதியிருந்தது. அறுபது மடங்கு! தம்பியைக் கேட்டேன், அவனும் வாங்குங்கக்கா என்றான். மற்றவர்களைக் கேட்கவில்லை. அது என் பிழை. பொதுப் பணத்தில் அப்படிச் செய்திருக்கக் கூடாது. பிறகு அந்த 280 வெள்ளியை என் கையிலிருந்து திருப்பி வைத்தேன்.

முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது. இருபதில் சுமாராக இருந்தது. அறுபதுக்குத் திருகியதும் குளம் முழுக்க சாம்பல் திரை விழுந்தது போல ஆனது. 60 மில்லிமீட்டரை 60ஆல் வகுத்தால் ஒன்று. ஒரு மில்லிமீட்டர் ஒளிக்கற்றைக்குள் கண்ணை வைக்க வேண்டும். அத்தான் மூக்குக் கண்ணாடியோடு குனிந்து பார்த்துவிட்டு, கறுப்புதான் தெரியுது என்றார். மணி பத்து ஆனதும் சேற்றிலிருந்து வெப்பம் கிளம்பியது. பவளக்காலியின் கால்கள் நீருக்குள் நெளிகிற நாடா மாதிரி ஆடின. உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட நெளிவும் சேர்ந்து பெரிதானது. இது மலிவுக் கண்ணாடியின் குற்றம் மட்டும் இல்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். காற்று கொதிக்கும்போது எந்த விலைக் கண்ணாடியாலும் அதை நேராக்க முடியாது. குறைந்த மடங்குக்கு இறங்க வேண்டும், அல்லது எட்டு மணிக்குள் பார்த்து முடிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கைவிளக்கை முன்பக்கம் பிடித்து உள்ளே பார்த்தேன். பின் லென்ஸின் ஓரத்தில் சிலந்தி வலை போல் மெல்லிய வெள்ளை இழைகள். பூஞ்சை. ஈரக் காற்றுள்ள ஊரில் அலமாரியில் போட்டு வைத்த கண்ணாடிகளுக்கு இதுதான் கதி. இரண்டாம் கையில் வாங்குகிறவர்கள் கடையிலேயே, விற்பவர் எதிரிலேயே, இப்படி விளக்குப் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. நான் செய்யவில்லை.

தூணில் ஒட்டிய செய்தித்தாள்

அடுத்த முறை எதையும் வாங்குவதற்கு முன்னால் சோதித்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தோம். தம்பியின் அலுவலகத்தில் ஒருவரிடம் 8×42 இருந்தது, இன்னொருவரிடம் 10×42. வேறொரு நண்பரிடமிருந்து 65 மில்லிமீட்டர் ஸ்கோப்பை ஒரு மாலைக்கு இரவல் வாங்கினோம்.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளம் நீளமானது. ஒரு கடைசித் தூணில் தமிழ் முரசின் ஒரு பக்கத்தை ஒட்டினோம். ஐம்பது மீட்டரை டேப்பால் அளந்து கோடு போட்டோம். தூணுக்குப் பின்னால் வெறும் சுவர் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம், ஏனென்றால் பெரியம்மா முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "எதிர் புளோக்கு ஜன்னல் பக்கம் எதையும் திருப்பக் கூடாது. யார் வீட்டுக்குள்ளயும் பாக்குற மாதிரி தெரியக் கூடாது." அடுக்குமாடியில் வாழ்கிற எவரும் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஸ்கோப்பைத் தாழ்வாரத்தில் நிறுத்தி எதிரே பார்ப்பது அக்கம்பக்கத்தாருக்கு நியாயமாகவே அச்சத்தைத் தரும்.

பெரிய தலைப்பை எட்டு மடங்கிலேயே எல்லோரும் வாசித்தோம். துணைத் தலைப்பில் பாதிப் பேர் தடுமாறினார்கள். செய்தியின் உள்ளெழுத்தை எட்டிலும் வாசிக்க முடியவில்லை, கையில் பிடித்த பத்திலும் முடியவில்லை. கணக்கு எளிது. ஐம்பது மீட்டரை எட்டால் வகுத்தால் ஆறேகால் மீட்டர். அந்தத் தூரத்தில் நின்று வெறுங்கண்ணால் செய்தித்தாள் படிக்க முடியுமா? ஸ்கோப்பை நாற்பதுக்குக் கொண்டுபோனால் அது ஒன்றேகால் மீட்டர். அத்தான் மகள் முக்காலிக்குப் பின்னால் நின்று கடைசிப் பத்தி வரை சத்தமாக வாசித்தாள். கால் கொடியின் எழுத்தும் அளவில் ஏறக்குறைய அந்த உள்ளெழுத்து மாதிரிதான், சில மில்லிமீட்டர். நூறு மீட்டரில் நிற்கும் பறவையின் கொடியை எட்டு மடங்கில் படிக்க நினைப்பது, பன்னிரண்டரை மீட்டருக்கு அப்பால் ஒருவர் விரித்துப் பிடித்திருக்கும் செய்தித்தாளைப் படிக்க நினைப்பதற்குச் சமம்.

அந்த மாலை இன்னொன்றும் கவனித்தோம். பத்து மடங்கு எட்டு மடங்கைவிட நன்றாகத்தானே தெரிய வேண்டும்? அத்தானுக்கும் தம்பிக்கும் அப்படித்தான் இருந்தது. பெரியம்மாவுக்கும் எனக்கும் எட்டில்தான் அதிகம் வாசிக்க முடிந்தது. கை நடுக்கமும் பத்து மடங்காகிறது என்பதுதான் காரணம். தூணில் சாய்ந்து, முழங்கையை விலாவில் ஒட்டிப் பிடித்தபோது எனக்குப் பத்து சரியாக வந்தது. நடந்துகொண்டே பார்க்கிறபோது எந்தத் தூணில் சாய்வது?

எதை வாங்கினோம், ஏன்

8×42 பைனாகுலர் இரண்டு, ஒன்று 430 வெள்ளி. கண்வில்லை சாய்வாக வளைந்த 65 மில்லிமீட்டர் ஸ்கோப் ஒன்று, 16-48 மடங்கு, நிறப்பிசிறைக் குறைக்கும் ஈடி கண்ணாடி போட்டது, 1,090 வெள்ளி. முக்காலி 260. ஆக 2,210. மீதியில் ஈரம் உறிஞ்சும் பெட்டியும் கைப்பேசி மாட்டும் பிடியும்.

வேட்டை ஆலோசனையை அப்படியே எடுத்திருந்தால் 10×42உம் 80 மில்லிமீட்டர் ஸ்கோப்பும் வாங்கியிருப்போம். மலை வேட்டையில் அது சரி. அங்கே விலங்குகள் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். அரையிருட்டில் கண்மணி ஐந்தாறு மில்லிமீட்டர் திறந்திருக்கிறது, கண்ணாடி தரும் ஒவ்வொரு மில்லிமீட்டர் ஒளியும் பயன்படுகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அந்தி நீடிப்பதில்லை. ஏழு மணிவாக்கில் சூரியன் வந்தால், எட்டு மணிக்குச் சேற்றில் பளீரென்ற வெளிச்சம். 65ஐ இருபதால் வகுத்தால் மூன்றேகால் மில்லிமீட்டர், அந்த வெளிச்சத்தில் சுருங்கியிருக்கும் கண்மணிக்கு அது போதும். 80 மில்லிமீட்டர் ஸ்கோப்பின் கூடுதல் ஒளிக்கு அந்நேரத்தில் எங்களிடம் வேலை இல்லை, ஆனால் கூடுதல் எடையை கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து பேருந்திலும் நடையிலும் சுமக்க வேண்டும்.

பைனாகுலரில் எட்டை எடுத்ததற்குக் காரணம் இடது பத்தி. ஆயிரம் மீட்டர் தூரத்தில் நல்ல 8×42 ஒன்றில் சுமார் 140 மீட்டர் அகலம் தெரியும். பத்தில் அது 110 பக்கம்தான். 20 மடங்கில் வைத்த ஸ்கோப்பில் நாற்பது மீட்டர்கூடத் தேறாது. கிளைகளுக்கு நடுவே பறவையைத் தேடுகிறவருக்கு அகலம்தான் எல்லாம். 42ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால் மில்லிமீட்டர், மெக்ரிட்சி நிழலில் அது பகலும் இரவும் போன்ற வித்தியாசம். முதல் நாள் அதைக் கண்ணில் வைத்த பெரியம்மா, கரிச்சானின் கறுப்பில் நீலம் ஓடுவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். கண்புரை அறுவை சிகிச்சை முடித்த கண்கள் அவருடையவை.

சாய்வுக் கண்வில்லை எங்கள் உயரங்களுக்காக. வேட்டைக்காரர்களில் பலருக்கு நேர்க்குழல் பிடிக்கும். கண் போகிற திசையிலேயே குழலும் இருப்பதால் சட்டென்று குறி கிடைக்கும், வண்டிக்குள் உட்கார்ந்தும் பார்க்கலாம். எங்களுக்கோ பத்து வயதுக் குழந்தையும் ஆறடி அத்தானும் ஒரே முக்காலியில் பார்க்க வேண்டும். சாய்வு என்றால் குட்டையானவர் உயரத்துக்கு வைத்துவிட்டு நெட்டையானவர் குனிந்துகொள்ளலாம். நேர்க்குழலில் ஒவ்வொருவருக்கும் முக்காலிக் காலை ஏற்றி இறக்க வேண்டும். அதற்குள் பறவை போய்விடும்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணுக்கும் வில்லைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதைப் பெட்டியில் மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். பதினைந்துக்குக் கீழே இருந்தால் படத்தின் ஓரம் வெட்டுப்படும். அத்தான் இதற்காகவே மூன்று மாடல்களைத் திருப்பிக் கொடுத்தார். ரப்பர் கிண்ணத்தை முழுக்கக் கீழே திருகிவிட்டுத்தான் கண்ணாடியோடு பார்க்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. அதைத் திருகாமலேயே சரியில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஒரு பருவத்துக்குப் பிறகு

செப்டம்பரிலிருந்து மார்ச் வரை நோட்டைத் தொடர்ந்தோம். காட்டு நடைகளுக்கு ஸ்கோப்பை எடுத்துப் போவதை இரண்டாவது முறையே நிறுத்திவிட்டோம். இடது பத்தி குறைந்தது, ஆனால் காலியாகவில்லை. இலைக்குப் பின்னால் இருக்கிற பறவையை எந்தக் கண்ணாடியும் காட்டாது.

சுங்கை பூலோவில் இரண்டும் கைகோத்து வேலை செய்தன. ஒருவர் பைனாகுலரால் கூட்டத்தை வலமிருந்து இடமாக மேய்வார். காலில் நிறம் தட்டுப்பட்டால், "ரெண்டாவது கட்டைக்கு இடப்பக்கம், ஒத்தைக் கால்ல நிக்குது" என்று சொல்வார். ஸ்கோப்பில் இருப்பவர் குறைந்த மடங்கில் அந்தக் கட்டையைப் பிடித்து, பிறகு மெல்லக் கூட்டுவார். முதலிலேயே நாற்பதில் வைத்துத் தேடினால் சேறும் நீரும் மாறி மாறி ஓடுமே தவிர பறவை வராது. நியூசிலாந்திலிருந்து வந்த பாடம்தான் இது, மலைக்குப் பதிலாகக் குளம்.

நாங்கள் எதிர்பார்க்காத தொல்லை மரப்பலகைப் பாதையிலிருந்து வந்தது. பக்கத்தில் ஒருவர் நடந்தால் பலகை அதிர்கிறது. அந்த அதிர்வு முக்காலி வழியே ஏறி முப்பது மடங்காகக் கண்ணுக்கு வருகிறது. எங்கள் குழந்தை கால் மாற்றி நின்றாலே பறவை குதித்தது. முக்காலியை மண் தரையில் ஊன்றக்கூடிய இடங்களைத் தேடிக் குறித்து வைத்தோம். குடிலுக்குள் என்றால், ஒருவர் பார்க்கும்போது மற்றவர்கள் அசையாமல் உட்கார வேண்டும். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களை மட்டும் நீட்டி வைத்தது நிறைய உதவியது.

ஈரம் இன்னொன்று. குளிர்சாதன அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க மூடுபனி. நைட்ரஜன் நிரப்பிய கருவிகளில் உள்ளே படியாது, வெளிப்பரப்பில் படியத்தான் செய்யும். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் பையோடு தாழ்வாரத்தில் வைத்துவிடுகிறோம். திரும்பியதும் துடைத்து, ஈரப்பதம் 45 விழுக்காட்டில் நிற்கும் பெட்டிக்குள் வைக்கிறோம். பெட்டி அத்தான் வீட்டில் இருக்கிறது.

தம்பி இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, அதையும் பதிவு செய்ய வேண்டும். ஒரு பைனாகுலரோடு நிறுத்திக்கொண்டு அந்தப் பணத்தையும் சேர்த்து 80 மில்லிமீட்டர் ஸ்கோப் வாங்கியிருக்கலாம் என்கிறான். மேகம் மூடிய வடகிழக்குப் பருவ மழைக்கால மாலைகளில், 48 மடங்கில் எங்கள் ஸ்கோப் மங்கலாகிறது என்பது உண்மை. 65ஐ 48ஆல் வகுத்துப் பாருங்கள், ஒன்றரைக்கும் கீழே. நானே அந்தக் கடைசித் திருகலை இப்போது தொடுவதில்லை, முப்பதைத் தாண்டினால் அபூர்வம். ஆனால் ஐந்து பேருக்கு ஒரே பைனாகுலர் என்ற நிலைக்குத் திரும்ப எனக்கு மனம் வராது. ஸ்கோப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். மற்ற நாலு பேரும் அந்த நேரத்தில் எதைப் பார்ப்பது?

பிப்ரவரியில் ஒரு காலை, ஏற்றம் வந்துகொண்டிருந்தது. பவளக்காலிகள் கூட்டமாக வந்து இறங்கின. இங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் பவளக்காலிகளில் சில திபெத் பீடபூமி வரை போய்க் குஞ்சு பொரித்துத் திரும்புகின்றன என்பதை ஆய்வாளர்கள் முதுகில் பொருத்திய சின்னக் கருவிகளால் அறிந்திருக்கிறார்கள். பெரியம்மா பைனாகுலரில் பச்சையும் வெள்ளையும் கண்டார். அதாவது இங்கேயே கொடி மாட்டிய பறவை, இதே சேற்றுக்கு மறுபடி வந்திருக்கிறது. அத்தான் மகள் ஸ்கோப்பைப் பிடித்தாள். முதல் எழுத்தைச் சொன்னாள். மூச்சுக்கூட விடாமல் நின்றோம். பறவை ஒரு அடி வைத்தது, கால் தண்ணீருக்குள் போனது, வெளியே வந்தது. இரண்டாவது எழுத்து தம்பிக்கு ஒரு மாதிரியும் எனக்கு ஒரு மாதிரியும் தெரிந்தது. சேறு அப்பியிருந்தது. கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தும் தெளியவில்லை. தம்பி தன் எழுத்தையே போட்டுக் கொடி மாட்டியவர்களுக்கு அனுப்பிவிடலாம், தொண்ணூறு சதவீதம் சரியாகத்தான் இருக்கும் என்றான்.

பெரியம்மா நோட்டை எடுத்தார். தேதி எழுதினார், நேரம் எழுதினார், நிறங்களை எழுதினார், முதல் எழுத்தை எழுதினார். அதற்குப் பக்கத்தில் ஒரு எழுத்துக்கு இடம் விட்டு, வரி முழுவதையும் வலது பத்தியில் சேர்த்தார்.